ஒருதடவைப் பணத்தில் சைக்கிள் பாதை நிலைக்காது

வணக்கம். பெங்களூரில் மாரத்தஹள்ளி பாலத்துக்குப் பக்கத்தில், ரிங் ரோடு ஓரமாக நின்று பேசுகிறேன், வண்டிச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்சூரிலிருந்து பழைய ஏர்போர்ட் ரோடு வழியாக சைக்கிளில் வந்தேன், பாதி தூரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மிதித்தேன்.

இதே ரிங் ரோட்டில் 2020-ல் பஸ் பாதையை ஒட்டி தற்காலிக சைக்கிள் பாதை ஒன்று வந்தது ஞாபகம் இருக்கிறதா? கோடு போட்டு பிளாஸ்டிக் கம்பம் நட்டிருந்தார்கள். பைக்குகள் உள்ளே புகுந்தன, கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நகரங்களை சைக்கிளுக்கு ஏற்றதாக மாற்ற மத்திய அரசு நடத்திய போட்டியில் ஜெயித்த 11 நகரங்களில் பெங்களூரும் ஒன்று, நகரத்துக்கு 1 கோடி ரூபாய். சந்தோஷம்தான். ஆனால் பரிசுப் பணம் ஒருதடவை வரும், செலவாகிவிடும். பெயின்ட் வருஷா வருஷம் அடிக்க வேண்டும், உடைந்த கம்பத்தை மாற்ற வேண்டும், விளக்கு எரிய வேண்டும், அதற்கெல்லாம் பணம் தானாக வந்துகொண்டே இருக்க வேண்டும் இல்லையா?

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1971-லேயே இதற்குச் சட்டம் போட்டது. நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது 1 சதவீதம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும், அதோடு ரோடு புதிதாகப் போட்டாலோ திருப்பிக் கட்டினாலோ சைக்கிள் வசதியும் சேர்ந்தே வர வேண்டும். 1 சதவீதம் என்ன பெரிய தொகை என்று தோன்றும். ஆனால் வருஷா வருஷம் யார் காலிலும் விழ வேண்டாம், எனக்கு அதுதான் பெரிய விஷயம். நம்ம சென்னை மாநகராட்சி 2014-ல் போக்குவரத்து பட்ஜெட்டில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றே கொள்கை வகுத்தது. படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை! இருந்தாலும் கொள்கை வேறு, சட்டம் வேறு.

லண்டனில் 2003-லிருந்து நகர மையத்துக்குள் வரும் காருக்குக் கட்டணம், அந்த வருமானத்தைப் போக்குவரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம், பார்க்கிங் கட்டணத்திலிருந்து தொடங்கலாம். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் வசூலாகிற பணம் அந்தப் பக்கத்து நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்குமே திரும்பினால், கட்டுகிறவருக்கும் எதற்குக் கட்டினோம் என்று கண்ணில் தெரியும்.

அப்புறம், குழாய்க்கும் கேபிளுக்கும் எப்படியும் ரோட்டைத் தோண்டுகிறார்கள். மூடும்போதே சைக்கிளுக்கு இரண்டு மீட்டர் விட்டுவிட்டால் தனியாக ஒரு திட்டம், தனியாக ஒரு டெண்டர் எதுவும் வேண்டாம். காலையில் ஆறு மணிக்கு இங்கே வந்து பாருங்கள், நைட் டியூட்டி முடிந்த செக்யூரிட்டி அண்ணன்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சைக்கிளில்தான் போகிறார்கள். அவர்கள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவில் இப்போது தோண்டியிருக்கிறார்கள். அந்த வேலையின் எஸ்டிமேட்டில் சைக்கிளுக்கு ஏதாவது இருக்கிறதா என்று திங்கட்கிழமை ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு) போடுகிறேன். 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் தாளோடு காட்டுகிறேன்.