தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூச்சித் தொட்டி

(மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர், மகளிர் குழுவினர் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பூச்சி வளர்த்து உணவாக்கலாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். பூச்சியைத் தின்பதா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் பூச்சி வளர்ப்பு நமக்குப் புதிதில்லை. ரப்பர் தளிர்விடும் பருவத்தில் தோட்டமெல்லாம் தேனீப் பெட்டி வைக்கிற ஊர் இது. தின்பதும் புதிதில்லை. பாரியின் பறம்பு நாட்டில் புற்று ஈசலை மோர் சேர்த்துப் புளிங்கறி வைத்ததைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது சுவர்க்கோழியை. ராத்திரி சுவரோரம் கத்துமே, அதேதான். தாய்லாந்தில் ஏறக்குறைய 20,000 பண்ணைகளில் இதை வளர்ப்பதாக 2013-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு எழுதியது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. சிமெண்ட் தொட்டிக்குள் கோழிமுட்டை அடுக்கும் அட்டைகளை நெருக்கமாக நிறுத்தி வைப்பார்கள். பூச்சி அந்த இடுக்குகளில் குடியிருக்கும். ஈர உமி நிரப்பிய கிண்ணத்தில் முட்டையிடும். மேலே வலை. எறும்புதான் முதல் எதிரி. தேனீப் பெட்டியின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறோமே, அந்த ஏற்பாடு இங்கும் வேண்டும். ஒன்றரை மாதத்தில் அட்டையை உதறினால் அறுவடை.

தீனிச் செலவுதான் கையைக் கடிக்கும். கோழித்தீவனமாக வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது. கம்போடியாவில் அங்குள்ள வயல் சுவர்க்கோழி இனத்துக்கு மரச்சீனிக் கொழுந்தை, அதாவது மரவள்ளிக் கொழுந்தைப் போட்டுப் பார்த்தார்கள். கோழித்தீவனம் தின்றதற்கு ஈடாக எடை வைத்தது. இங்கே கிழங்கைப் பிடுங்கியபின் எவ்வளவு இலை வீணாகிறது!

காயவைத்துப் பொடித்தால் 100 கிராமில் சுமார் 60 கிராம் புரதம். தோசை மாவிலோ முறுக்கு மாவிலோ ஒரு கரண்டி சேர்க்கலாம். ஜூன், ஜூலையில் 61 நாள் மீன்பிடித் தடை. மீன் விலை ஏறி, பிள்ளைகள் தட்டில் மரச்சீனி மட்டும் மிஞ்சுகிற வீடுகளை நினைத்துத்தான் இவ்வளவும் பேசுகிறேன். முட்டையும் பயறும் இருக்கட்டும், கூடவே இதுவும் இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இறால், நண்டு தின்றால் தடிப்பு வருகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. ஒவ்வாமை தருகிற புரதம் இதிலும் உண்டு. வயலில் பிடித்த பூச்சியும் வேண்டாம், பூச்சிமருந்து ஏறியிருக்கும். அப்புறம், உணவாக விற்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வாங்கியாக வேண்டும். அதுவரை ஒரு தொட்டியோடு தொடங்கி, வளர்ப்பைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வோம். முதல் அறுவடை நம் வீட்டுக் கோழிக்கே போகட்டும்.