விக் ஃபான்டெய்ன்: தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கிட்ட பாட்டுக்காரர்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விண்வெளி ஸ்டேஷன்ல நடக்கற டிவி சீரியல் ஸ்டார் ட்ரெக் டீப் ஸ்பேஸ் நைன்ல போர் சூடு பிடிச்சிருந்த நேரம், 1998, ஆறாவது சீசன், திடீர்னு ஒருத்தர் கோட்டு சூட்டோட மைக்கைப் புடிச்சுப் பாட ஆரம்பிச்சாரு. பேரு விக் ஃபான்டெய்ன், 1962 லாஸ் வேகாஸ்ல லவுஞ்ச் பாடகர், ஆனா நிஜ ஆள் கிடையாது, ஹாலோசூட்ல, அதாவது வெளிச்சத்தாலயே ஆளையும் எடத்தையும் நிஜம் மாதிரி உருவாக்கற ரூம்ல, ஓடுற ப்ரோக்ராம். விண்வெளிக் கதையில இது எதுக்குடானு நானும் தலைல அடிச்சுக்கிட்டவன்தான்.

அந்த எண்ணத்த மாத்தினது ஏழாவது சீசன்ல வர்ற, நாக்ங்கற இளம் வீரனோட எபிசோட். போர்ல அந்தப் பையனுக்குக் கால் போயிடுது. புதுக் கால் வச்சாச்சு, அதுல ஒரு குறையும் இல்லங்கறாங்க, ஆனா இவன் வலிக்குதுங்கறான், கைத்தடிய விட மாட்டேங்கறான். அடிபட்டுக் கெடந்தப்ப டாக்டர் பஷீர் போட்டுவிட்ட விக்கோட பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டு பக்கத்துல இருக்கறவனுக்குக் காது புளிச்சுப் போற அளவுக்கு கேக்கறான், கடைசில விக்கோட ஹோட்டல் ரூமுக்கே மூட்டை கட்டிட்டுப் போயிடறான்.

இங்கதான் எழுதினவங்க கில்லாடிங்க. யாராவது வந்தா ஒரு மணி ரெண்டு மணி ஓடுற ப்ரோக்ராம் இப்ப நாள் முழுக்க ஓடுது, விக் முதல் தடவையா படுத்துத் தூங்கறாரு, டிவி பாக்கறாரு, ஒரு வாழ்க்கைன்னு ஒண்ணு கிடைக்குது. நாக் ஃபெரெங்கி, அதாவது வியாபாரமே மூச்சா இருக்கற வேற்றுகிரக இனம் இல்லையா, கணக்கு வழக்கெல்லாம் சரி பண்ணி புது கேசினோ கட்டவே ப்ளான் போடறான். பையன் அங்கயே இருந்தா விக்குக்குத்தான் லாபம்! ஆனா அவரு கிளம்புடாங்கறாரு, இவன் நகர மாட்டேங்கறான், உடனே தன் ப்ரோக்ராம அவரே நிறுத்திடறாரு. தான் வெறும் வெளிச்சம்னு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் பண்றாரு பாருங்க இத. அப்புறம் திரும்பி வந்தப்பதான் பையன் உடைஞ்சு அழுது, பயமா இருக்குங்கறத வாய்விட்டுச் சொல்றான்.

இன்னொண்ணு, இந்த 1962 வேகாஸ் வெறும் பழைய காலத்து ஏக்கம் இல்ல. வேற எபிசோட்ல ஸ்டேஷனோட கேப்டன், கருப்பினத்தவரான சிஸ்கோ அந்த லவுஞ்சுக்கு வரவே மாட்டேங்கறாரு, 1962 வேகாஸ்ல கருப்பின மக்கள எப்படி நடத்தினாங்கன்னு நேராவே கேக்கறாரு. நியாயமான கேள்வி.

விக்கா நடிச்ச ஜேம்ஸ் டேரன் அறுபதுகள்லயே நிஜமா பாடி ஹிட் குடுத்தவரு, அதனால வாயசைப்பு மாதிரியே தெரியாது. 2024ல, 88 வயசுல, போயிட்டாரு.

நாக் வெளிய வந்ததும் பண்ணின வேலைய மட்டும் சொல்லிடறேன். காசுன்னா உயிர விடற, ஹாலோசூட்டுக்குச் சொந்தக்காரரான தன் பெரியப்பா குவார்க்கிட்டப் பேசி, அந்த ஸ்டேஷன்ல ஒரு நாளைக்கு 26 மணி நேரம், அந்த 26 மணி நேரமும் விக் ப்ரோக்ராம் ஓடிட்டே இருக்கும்படி பண்ணிட்டான்.