எண் வந்து சேர்ந்தால் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை, பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறேன். அதனால் எந்த நோய்க்கு என்ன மருந்து என்றெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. வீட்டில் படுத்திருக்கிற ஒருவருடைய உடம்பிலிருந்து ஒரு எண் கிளம்பி, இணையம் வழியாக எங்கோ இருக்கிற ஒரு டாக்டரின் திரைக்குப் போய்ச் சேருகிறதே, அந்த வழியைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1905-லேயே நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் இதைச் செய்து காட்டிவிட்டார். அவருடைய ஈ.சி.ஜி. கருவி அவ்வளவு பெரியது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நோயாளிகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவதும் சிரமம். சரி என்று நோயாளியை ஆஸ்பத்திரியிலேயே இருக்கவிட்டு, ஒன்றரை கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பின் மின் சைகையைத் தன் கருவிக்கு வரவழைத்தார்.

இன்றைக்கு அதே வேலையைச் செய்ய சில நூறு ரூபாய் சென்சாரும், வைஃபை உள்ள ஈ.எஸ்.பி. 32 என்ற ஒரு சின்னக் கணினிப் போர்டும் போதும். ஒவ்வொரு வருஷமும் இதை ஃபைனல் இயர் ப்ராஜெக்டாகச் செய்துகொண்டு வருகிற மாணவர்கள் எனக்கு உண்டு, அழகாகவும் செய்கிறார்கள். விரலை வைத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 97 சதவீதம் என்று திரையில் வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறோம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இப்போது வைஃபையை அணைத்துவிட்டால் திரையில் என்ன தெரியும்?

பெரும்பாலும் 97-தான் தெரியும்! இது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கருவிகள் பலவற்றில் தகவலை அனுப்பப் பயன்படும் நெறிமுறைக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர். 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. நடுவில் ப்ரோக்கர் என்று ஒரு சர்வர் இருக்கும், கருவி அதற்கு எண்ணை அனுப்பும், திரை அதிலிருந்து வாங்கிக்கொள்ளும். கடைசியாக வந்த எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, புதிதாக யார் வந்து கேட்டாலும் அதையே கொடு என்று ப்ரோக்கருக்குச் சொல்ல ஒரு வசதி இருக்கிறது. எண்ணெய்க் குழாயின் அழுத்தத்துக்கு அது பெரும்பாலும் உதவியான வசதிதான். மூச்சுத் திணறுகிற ஒரு மனுஷருக்கு? இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வந்த 97, இந்த நிமிஷத்து 97 போலவே பச்சை நிறத்தில் நிற்கும், பார்க்கிற நர்ஸ் நிம்மதியாக அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். இதற்கு மருந்தும் அதே நெறிமுறையில் இருக்கிறது. நான் திடீரென்று தொடர்பு அறுந்து போனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பிவிடு என்று கருவி முன்கூட்டியே ப்ரோக்கரிடம் ஒப்படைத்து வைக்கலாம், அதற்கு உயில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம், ஒவ்வொரு எண்ணோடும் அது அளக்கப்பட்ட நேரம் போக வேண்டும், நேரம் பழசானால் திரையிலிருந்து எண் மறைந்தே ஆக வேண்டும். எழுதினால் பத்துப் பதினைந்து வரி நிரல், அதை எழுதத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்த எண்ணே சரிதானா என்பது அடுத்த கவலை. ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிற பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்குப் போடுகிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். 2020-இல் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து வந்த ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். நம் ஊர்த் தோல்நிறங்களை நினைத்துப் பாருங்கள். கல்லூரியில் நாலு பேர் விரலில் வைத்துப் பார்த்துவிட்டு 98 சதவீதத் துல்லியம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

சரி, எண்ணும் சரி, இணைப்பும் சரி என்றே வைத்துக்கொள்வோம். நோயாளி பிழைப்பாரா? 2010-இல் அமெரிக்காவில் 1,653 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. அவர்களில் ஒரு பாதியினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு எடையையும் அறிகுறிகளையும் பதிய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2018-இல் ஜெர்மனியில் 1,571 பேரை வைத்து இன்னோர் ஆய்வு. அங்கே எடை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ஆக்சிஜன் எல்லாம் தினமும் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனைக்குப் போயின, அங்கே டாக்டர்களும் நர்ஸ்களும் இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்து பார்த்தார்கள், எண் சரியில்லை என்றால் கூப்பிட்டுப் பேசினார்கள், மருந்தை மாற்றினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 11.3 ஆக இருந்த இறப்பு, இவர்களிடம் 7.9. இரண்டும் ஒரே மாதிரி ஆய்வுகள் இல்லை, கருவிகளும் வேறு, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இருபத்துநாலு மணி நேர மேஜைதான் பெரிய வித்தியாசம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்மிடம் அந்த மேஜைக்கு ஆள் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பெண்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் மாத்திரையை விழுங்காமல் ஒளித்து வைக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும், என் சென்சாருக்குத் தெரியாது. கருவியை வடிவமைக்கும்போதே அவர்களிடம் போய்க் கேளுங்கள் என்கிறேன்.

இந்த வருஷம் என் மாணவர்களிடம் சொல்லிவிட்டேன்: அலாரம் யாருக்குப் போகும், ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யார் எடுப்பார், எடுத்தவர் யாரை அந்த வீட்டுக்கு அனுப்புவார், இதை எழுதாமல் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். அரங்கத்தில் நர்ஸ்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். முதல் கேள்விகள் உங்களிடமிருந்து வரட்டும், மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.