மதிலில் ஏறட்டும் தமிழ் எழுத்து

எல்லோருக்கும் வணக்கம்.

2019 கடைசியில் கொழும்பு மதில்களில் இளைஞர்கள் அரசர்களையும் போர்வீரர்களையும் வரைந்து தள்ளியது உங்களுக்கு நினைவிருக்கும். 2022இல் காலிமுகத்திடலில் மக்களின் கோபம் படமாகவும் வாசகமாகவும் எழுந்தது. இரண்டையும் நாம் கிராஃபிட்டி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கலை எழுத்தில் பிறந்தது. படம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

சுவரில் எழுதுவது இந்தத் தீவுக்குப் புதிதும் இல்லை. சிகிரியாவில் கண்ணாடிபோல் மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவரில்’ ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பார்க்க வந்தவர்கள் கவிதை கீறினார்கள். அவற்றில் 685ஐத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார்.

இன்று உலகம் பேசும் கிராஃபிட்டி 1960களின் கடைசியில் பிலடெல்பியாவிலும், அப்புறம் நியூயோர்க்கிலும் வளர்ந்தது. 183ஆம் தெருப் பையன் ஒருவன் ‘டாக்கி 183’ என்று ஊரெல்லாம் எழுதினான். 1971இல் நியூயோர்க் டைம்ஸ் அவனைப் பற்றிச் செய்தி போட்டது. அவன் எழுதிய அந்த மாதிரிக்குப் பெயர் ‘டேக்’. ஒரே நிறம், ஒரே வீச்சு, கையெழுத்து மாதிரி. ‘த்ரோ-அப்’ என்பது உப்பிய எழுத்து: ஒரு நிறத்தால் நிரப்பி, இன்னொன்றால் ஓரம் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பல நிறமும் நிழலும் பின்னணியும் சேர்த்து, நேரமெடுத்துச் செய்தால் அது ‘பீஸ்’. ஸ்டென்சில் வேறு வழி. அட்டையை வெட்டி வைத்து அடிப்பது. பாரிஸில் பிளெக் லெ ரா என்ற கலைஞர் 1981இல் எலிகளை அப்படித்தான் ஓடவிட்டார்.

எனக்குப் பிடித்தது ‘வைல்ட்ஸ்டைல்’. எழுத்துக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, அம்பு முளைத்து, பழகாத கண்ணுக்கு வாசிக்கவே முடியாமல் நிற்கும். அதற்குள் ஒழுங்கு இல்லை என்று நினைக்காதீர்கள். ஸ்ப்ரே டின்னைச் சுவருக்குக் கிட்டப் பிடித்தால் கோடு மெலிந்து கூர்மையாக வரும், தள்ளிப் பிடித்தால் அகன்று புகையும். கை ஒரு கணம் தயங்கினாலும் பெயின்ட் வழிந்துவிடும். ஒரு நீண்ட வளைவை நடுங்காமல் இழுக்கத் தோள் முழுவதும் அசைய வேண்டும்.

வளைவு என்றால் நம்மிடம் இல்லாததா? ‘கொழும்பு’ என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் ‘க’வை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கின்றன. ‘ழு’ கீழே இறங்கிச் சுழல்கிறது. அந்தச் சுழலை அடுத்த எழுத்துக்கு அடியால் இழுத்துக் கொண்டுபோகலாம். ‘ம்’முக்கு மேலே ஒரு புள்ளி, அதை நிலாவாக்கலாம், குண்டாக்கலாம். வைல்ட்ஸ்டைலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் பலர் ஸ்ப்ரே டின்னை எடுத்ததும் ஆங்கில எழுத்தையே போடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. தமிழில் வரையத் தெரியாமல் இல்லை, யாரும் தொடக்கிவைக்கவில்லை.

அதனால் பெற்றோரிடமும் சித்திர ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு மதிலை, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். கேட்காமல் அடுத்தவர் சுவரில் அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. மதில் கிடைக்கும்வரை கொப்பியில் பழகட்டும். பெரிய கைகாரர்களும் முதலில் கொப்பியில்தான் கீறிப் பார்ப்பார்கள். பின்வரிசை மேசையில் தாளும் தடித்த மார்க்கரும் வைத்திருக்கிறேன். போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தமிழில், உப்பிய எழுத்தில் ஒருமுறை எழுதிவிட்டுப் போகட்டும்.