ஊர் ஊராகப் போன மனிதர்

நேயர்களுக்கு வணக்கம்.

காமராசர் என்றதும் மதிய உணவும் பள்ளிக்கூடமும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். ஆனால் நான் இன்று பேச வந்தது 1942 ஆகஸ்டில் அவர் தலைமறைவாக அலைந்த சில நாட்களைப் பற்றி. பின்னாளில் இந்தியாவுக்குப் பிரதமரைத் தேர்ந்து கொடுத்த காமராசரை அந்த நாட்களிலேயே பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

முன்கதை கொஞ்சம். 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், பிறந்தார். சிறுவயதிலேயே அப்பா குமாரசாமி இறந்துபோனார். அம்மா சிவகாமி அம்மாளும் பாட்டியும் வளர்த்தார்கள். படிப்பு பாதியில் நின்றது, மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனார். ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி அந்தப் பையனைக் காங்கிரசுக்கு இழுத்து வந்தது. அப்புறம் வைக்கம் போராட்டம், உப்புச் சத்தியாகிரகம், அலிப்புரம் சிறை. எல்லாச் சிறைவாசத்தையும் கூட்டினால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் வரும்.

சரி, 1942-க்கு வருவோம். ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் காந்தியையும் நேருவையும் பிடித்துவிட்டார்கள். தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக இருந்த காமராசர் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்காகவும் போலீஸ் காத்திருந்தது. சிறைக்குப் போக அவர் அஞ்சியவர் அல்ல. ஆனால் பம்பாயில் என்ன முடிவானது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதை ஊர்களில் இருக்கும் தொண்டர்களுக்கு யார் போய்ச் சொல்வது? அரக்கோணத்தில் இறங்கி மறைந்துவிட்டார். ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று போனார். ஒவ்வோர் ஊரிலும் நம்பகமான சிலரைப் பார்ப்பார், செய்தியைச் சொல்வார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். மேடை கிடையாது, மாலை கிடையாது. கடைசியில் விருதுநகரில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த வேலை முடிந்தது, இனி கைது செய்துகொள்ளலாம் என்று அவரே போலீசுக்குத் தகவல் அனுப்பினார்.

அதன் பிறகு 1945 வரை சிறைதான். அந்த இடைவெளியில், 1943 மார்ச்சில், அவரை அரசியலில் வளர்த்த தீரர் சத்தியமூர்த்தி காலமானார். குருவின் மரணச் செய்தி சிஷ்யருக்குச் சிறைக்குள் வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துவிடும்.

1954-ல் முதலமைச்சர் ஆனார். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ஒன்பது ஆண்டுகள் ஆண்டபின், மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரு திட்டம் சொன்னார். சொன்னபடி 1963 அக்டோபர் 2 அன்று தானே விலகினார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர்.

1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அடுத்த பிரதமர் யார் என்ற கேள்வி நாட்டையே கலங்கடித்தது. மொரார்ஜி தேசாய் போட்டிக்குத் தயாராக இருந்தார். காமராசர் அப்போது செய்ததைக் கவனியுங்கள். முதலமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று ஒவ்வொருவரிடமும் பேசினார். அவர் பேசியது கொஞ்சம், கேட்டது அதிகம். கேட்டுக்கொண்டு 'பார்க்கலாம்' என்பார். பெரும்பாலோர் மனம் லால் பகதூர் சாஸ்திரி பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் அதை அறிவித்தார். போட்டியே இல்லாமல் சாஸ்திரி பிரதமரானார். மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் ஒளிந்து ஒளிந்து போய் ஆட்களைப் பார்த்த அதே மனிதர்தான், அதே வழக்கம்தான். பெரிய கூட்டத்தை விட எதிரில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை அவர் அதிகம் நம்பினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தபோதும் இந்திரா காந்திக்காக அப்படியே ஆதரவு திரட்டினார். இம்முறை மொரார்ஜி விலகவில்லை. வாக்கெடுப்பு நடந்தது, இந்திரா 355, மொரார்ஜி 169. இரண்டு முறையும் காமராசரே பிரதமராக வேண்டும் என்று விரும்பியவர்கள் இருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

1967-ல் சொந்த விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். நாட்டுக்குப் பிரதமர்களைத் தந்தவருக்குத் தன் ஊர் கைகொடுக்கவில்லை. 1969-ல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. அறுபத்தைந்து வயதில் மறுபடியும் ஊர் ஊராக ஓட்டுக் கேட்கப் புறப்பட்டார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நன்றி, வணக்கம்.