ஐந்து நகரங்களுக்கு ஒரு காவல் நிலையம்

தலைவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நகரங்களும் கவுண்டிகளும் சேவைகளைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிப் பேச எனக்குப் பணித்திருக்கிறீர்கள். கவுண்டி என்றதும் நம்முடைய மாவட்டம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மாவட்ட ஆட்சியர் அரசு அமர்த்தும் அதிகாரி; அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை நடத்துவதோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து மேற்பார்வையாளர்கள். அங்கே கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப் கூடத் தேர்தலில் நின்று வென்றவர்தான். ஆகவே நகர மன்றம் கவுண்டியோடு ஒப்பந்தம் போடுவதை, கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு மனுக் கொடுப்பதாக எண்ணக் கூடாது. தத்தம் வாக்காளர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இரு தரப்பினர் ஒரே மேசையில் அமர்ந்து விலை பேசுகிறார்கள்.

இந்த விலைபேச்சு முழு வடிவம் பெற்ற ஊர் அந்தக் கவுண்டியில் உள்ள லேக்வுட். இரண்டாம் உலகப் போருக்குப் பின், விளைநிலமாகக் கிடந்த இடத்தில் மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 17,500 வீடுகள் எழும்பின. பக்கத்துப் பெரு நகரமான லாங் பீச், அந்தக் குடியிருப்பைத் துண்டு துண்டாகத் தன் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. குடியிருந்தவர்களில் பலருக்கு அதில் விருப்பமில்லை. தனி நகரமாகிவிடலாம் என்றாலோ, காவல் துறை, தீயணைப்பு, சாலைப் பராமரிப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவக் கையில் பணமில்லை. ஜான் டாட் என்ற வழக்கறிஞரும் அவருடன் நின்றவர்களும் கண்ட வழி எளியது: நகரமாக ஆகிவிடுவோம், ஆனால் இதுவரை இந்த வேலைகளைச் செய்துவந்த கவுண்டியையே கூலிக்கு அமர்த்திக்கொள்வோம். 1954 ஏப்ரல் 16-இல் லேக்வுட் நகரமாயிற்று. சொந்தமாக ஒரு காவலர்கூட இல்லாத நகரம்.

இரண்டு ஆண்டுகளுக்குள் இன்னொரு துணையும் சேர்ந்தது. கலிபோர்னியா கொண்டுவந்த ஒரே சீரான உள்ளூர் விற்பனை வரி, பொருள் விற்கப்பட்ட நகரத்துக்கே போய்ச் சேர்ந்தது. பெரிய கடை வளாகம் ஒன்று எல்லைக்குள் இருந்தால், சொத்து வரியை அதிகம் நம்பாமலேயே ஒப்பந்தத் தொகையைக் கட்டிவிடலாம். அதன் பிறகு புது நகரங்கள் வரிசையாகக் கிளம்பின. இன்று அந்தக் கவுண்டியில் உள்ள 88 நகரங்களில் 42, காவலுக்கு ஷெரீப் துறையை ஒப்பந்தத்தில் வைத்திருக்கின்றன. நெடுங்காலம் சொந்தக் காவல் துறை நடத்திய காம்ப்டன் நகரமும் 2000-இல் அதைக் கலைத்துவிட்டு இந்த வரிசையில் சேர்ந்தது.

ஒப்பந்தத்தில் உண்மையில் வாங்கப்படுவது என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 'பாதுகாப்பு' என்று மொத்தமாக யாரும் வாங்குவதில்லை. அலகு கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு காவலர் நாளுக்கு 8 மணி நேரமாக வாரத்தின் ஏழு நாளும், அதாவது 56 மணி நேரம், ரோந்து போவது ஓர் அலகு; 40 மணி நேர அலகும் உண்டு. காவலர் விடுப்பில் போனால் மாற்று ஆள் அனுப்பும் பொறுப்போடு வாங்கினால் ஒரு விலை, அந்தப் பொறுப்பில்லாமல் வாங்கினால் வேறு விலை. காவலர்கள் மீது வழக்கு வந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கென்று ஒரு பொது நிதி இருக்கிறது. அதற்கும் ஒப்பந்த நகரங்கள் தனியாகப் பங்கு கட்டுகின்றன. லேக்வுட் ஷெரீப் நிலையம் லேக்வுட், பெல்ஃபிளவர், பாரமவுண்ட், ஆர்ட்டீசியா, ஹவாயியன் கார்டன்ஸ் ஆகிய ஐந்து நகரங்களையும் கவனிக்கிறது. எத்தனை அலகு வேண்டும் என்பதை மட்டும் அந்தந்த நகர மன்றம் தன் வரவு செலவைப் பார்த்து முடிவு செய்கிறது. ஒரு சேவைக்கு ஏற்பாடு செய்வது வேறு, அதைச் செய்துகொடுப்பது வேறு என்ற வேறுபாட்டை 1961-இல் வின்சென்ட் ஆஸ்ட்ரம், சார்லஸ் டீபூ, ராபர்ட் வாரன் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை விளக்கியபோது, அவர்கள் கண்முன் இருந்த உதாரணங்களில் லேக்வுட்டும் ஒன்று.

சச்சரவும் இந்த விலையில்தான் பிறந்தது. சொந்தக் காவல் துறை வைத்திருந்த பழைய நகரங்கள், 'எங்கள் மக்கள் கவுண்டிக்கும் வரி கட்டி, எங்கள் காவலர்களுக்கும் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒப்பந்த நகரங்களிடம் நீங்கள் முழு விலை வாங்கவில்லையென்றால் மிச்சத்தைச் சுமப்பது நாங்கள்தானே' என்று கவுண்டியிடம் கேட்டன. நியாயமான கேள்வி. கவுண்டி முழுமைக்கும் பொதுவான நிர்வாகச் செலவை ஒப்பந்த நகரங்களின் தலையில் ஏற்றலாகாது என்று மாநிலச் சட்டம் பிற்பாடு வரையறுத்தது. எது பொதுச் செலவு, எது அந்த நகரத்துக்கே உரிய செலவு என்ற வாதத்தை எந்தச் சட்டத்தாலும் முழுக்க அடக்க முடியாது. நம் ஊரில் பாகப்பிரிவினை நடந்த வீட்டில் பொதுக் கிணற்றை யார் தூர் வாருவது என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துவது வேறொன்று. வேலையைப் பகிர்ந்துகொண்டவர்கள் வருவாயைப் பகிர்ந்துகொள்ளவில்லை. 1957-இல் தொழிற்சாலைகளை மட்டுமே வளைத்துக்கொண்டு 'சிட்டி ஆஃப் இன்டஸ்ட்ரி' என்றே பெயர் வைத்து ஒரு நகரம் பிறந்தது. நகரமாவதற்கு 500 பேர் குடியிருக்க வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை போதாமல், எல்லைக்குள் இருந்த மனநல மருத்துவமனையின் நோயாளிகளையும் குடிமக்களாகக் கணக்கில் சேர்த்தார்கள். வரி தரும் ஆலைகள் வேலிக்கு உள்ளே, அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளும் பள்ளிகளும் வேலிக்கு வெளியே. மலிவாகச் சேவை வாங்க முடியும் என்ற வசதி இல்லாதிருந்தால் இப்படியொரு நகரம் நிலைத்திருக்குமா என்பது என் ஐயம்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரமும் ஜெஃபர்சன் கவுண்டியும் வேறு வழியில் போயின. இரண்டையும் ஒன்றாக இணைக்கும் யோசனையை வாக்காளர்கள் 1982-லும் 1983-லும் தள்ளிவிட்டார்கள். தோற்ற கையோடு இரு தரப்பும் பேசி, 1986-இல் ஓர் உடன்படிக்கை செய்தன. எல்லையை விரிக்கும் முயற்சியை நகரம் 12 ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. சம்பளத்தின் மீது விதிக்கப்படும் தொழில் வரியின் வருவாய் முன்கூட்டியே வகுத்த விகிதப்படி இருவருக்கும் பிரிந்தது. கூட்டாக நடத்திவந்த அமைப்புகளையும் பங்கு போட்டார்கள்: விலங்குக் காட்சிசாலையும் அருங்காட்சியகமும் நகரத்துக்கு, பொதுச் சுகாதாரமும் காற்று மாசுக் கட்டுப்பாடும் கவுண்டிக்கு. புதிதாக வரும் ஆலை எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் அமர்ந்தாலும் இருவருக்கும் பங்கு உண்டு என்றானதும், ஆலையைத் தம் பக்கம் இழுக்கும் போட்டிக்கு இருந்த காரணம் பெரிதும் குறைந்தது. லேக்வுட் ஒப்பந்தத்தில் இல்லாத உறுப்பு இதுதான்.

இணைப்பு யோசனை 2000 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்து வென்றது. 2003 ஜனவரியில் நகரமும் கவுண்டியும் ஒரே அரசாயின. அப்போதும் கவுண்டிக்குள் இருந்த 80-க்கும் மேற்பட்ட சிறு நகரங்கள் கலைக்கப்படவில்லை. அவற்றுள் ஜெஃபர்சன்டவுனும் செயின்ட் மேத்யூஸும் இன்றும் தங்கள் சொந்தக் காவல் துறையையே வைத்துக்கொண்டிருக்கின்றன.