உருளைக்கிழங்கு வண்டி

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

வார்சாவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கை அறிந்தவர்கள் பெரும்பாலும் ஒரு காட்சியையே சொல்வார்கள். 1942 ஆகஸ்ட் தொடக்கம். ஜெர்மானிய நாஜிகள் பிடித்திருந்த போலந்தின் வார்சா நகரில், யூதர்களை மதிலெழுப்பி அடைத்துவைத்த கெட்டோ. சுமார் 200 அநாதைக் குழந்தைகளோடு அந்த வயதான மருத்துவர் ரயிலடிக்கு நடந்து போகிறார். தப்பிக்கச் சொன்ன நண்பர்களுக்கு ஏற்கெனவே மறுப்புச் சொல்லிவிட்டார். ரயில் போனது திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு.

அந்த நடையை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1940 நவம்பரில் அவரது அநாதை இல்லத்தைக் கெட்டோவுக்குள் மாற்றச் சொன்னார்கள். குழந்தைகளுக்காகக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு வண்டியை வாசலிலேயே ஜெர்மானியர்கள் பறித்துக்கொண்டார்கள். கோர்ச்சாக் நேரே அவர்களது அலுவலகத்துக்குப் போய் வண்டியைத் திருப்பிக் கேட்டார். யூதர்கள் கட்டாயம் அணிய வேண்டிய கைப்பட்டையை அவர் அணியவில்லை. அவரை அடித்து, ‘பாவியாக்’ என்ற சிறையில் தள்ளினார்கள். ஒரு வண்டிக் கிழங்குக்காக! குழந்தையின் பசி அறிந்தவருக்கு அது சின்ன விஷயமா?

வெளியே வந்தபின் நாள்தோறும் வீடு வீடாகப் படியேறி உணவும் பணமும் கேட்டார். குழந்தைகளை நிறுத்தி எடை பார்த்தார். எடை குறைந்தால் கலங்கினார். பட்டினிக்கு நடுவிலும் பாடங்கள் நடந்தன. குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் அந்த இல்லத்தின் பழைய வழக்கம். கோர்ச்சாக்கே பலமுறை அதன் முன் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றிருக்கிறார்.

ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவைச் சொல்லாமல் போனால் அநியாயம். 1912 முதல் அந்த வீட்டை உண்மையில் நடத்தியவர் அவர். பாலஸ்தீனத்தில் பாதுகாப்பாக இருந்தவர், 1939இல் போலந்துக்குத் திரும்பினார். கடைசி ரயிலிலும் குழந்தைகளோடு ஏறினார்.

1942 ஜூலை 18 அன்று இல்லத்துக் குழந்தைகள் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நாடகத்தை நடித்தார்கள். நோயால் அறைக்குள்ளேயே அடைபட்ட சிறுவன் அமல், சன்னலோரம் அமர்ந்து அரசரின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை. கெட்டோவிலிருந்து ஆட்களை ரயிலேற்றுவது நான்கு நாட்களில் தொடங்கியது.

ஆகஸ்ட் 4 காலை கோர்ச்சாக் சன்னல் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். கீழே துப்பாக்கியோடு நின்ற காவலாளி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போருக்கு முன் இவன் ஒரு கிராமத்து ஆசிரியராக இருந்திருப்பானோ என்று நாட்குறிப்பில் எழுதினார். நாட்குறிப்பு அன்றோடு நின்றுபோகிறது.